மூன்றாம் அத்தியாயத்தின் மன்னர்

ஜூன் 4

பூனைக்கு,

உனக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு என் நிலைமை வந்துவிட்டது. போன் செய்திருப்பேன். ஆனால் போனில் நீ பேசும் அழகு எனக்குத் தெரியும். நான் மூச்சுவிடாமல் பேசி முடித்தால் நீ ஒரு "ம்" சொல்வாய். அந்த "ம்"மும் பாதி வழியில் செத்துப்போகும். எழுத்தில்தான் உனக்கு நகம் முளைக்கும். அதனால் எழுது.

விடுதி அறையைக் காலி செய்து போனவள் மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம். என் சோப்பு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். கோபித்துக்கொண்டு போகிறவள் எடுத்துப்போகிற பொருளாடி அது?

விஷயத்துக்கு வருகிறேன். மாமன்னர் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். நீ வைத்த பெயர்தான்; இப்போது ஆங்கிலத் துறை முழுக்க, அவர் இல்லாத இடத்தில், அதுதான் புழக்கம். துறைத் தலைவராக அவருக்கு இது கடைசிப் பிறந்தநாள். வழக்கம்போல ஆய்வு மாணவர்கள் எழுந்து நின்று ஓர் ஆங்கிலக் கவிதை படித்து அவரைக் குளிப்பாட்ட வேண்டும். இந்தத் தடவை பெரிய அரங்கு, வெளி விருந்தாளிகள், கல்லூரி முதல்வர். நேற்று என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் கொஞ்சம் பெரிசா இருக்கணும்மா. போன வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சட்டுனு முடிஞ்சுபோச்சு."

"எவ்வளவு பெரிசு சார்?"

"இங்கிலீஷ்காரங்க அவங்க ராஜாங்களுக்கெல்லாம் பாடி வச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி."

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. வருடா வருடம் நீ எழுதினாய், நான் படித்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை.

சும்மா கேட்கவில்லை. உன் தீசிஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? அவர் மேசையில்கூட இல்லை. ஜன்னலோரத்து ஸ்டூலில் இருக்கிறது, அதன்மேல் அவருடைய டீ கிளாஸ். மூன்றாம் அத்தியாயத்தை நீக்கினால்தான் வெளித்தேர்வாளருக்கு அனுப்புவாராம். அவர் கையெழுத்துப் போடாமல் ஓய்வு பெற்றால் உன்னை வேறு கைடு தலையில் கட்டுவார்கள். அந்த அம்மாளுக்கு இலக்கணப் பயிற்சிதான் உலகம். உன் மன்னர்களை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நீ கவிதை எழுது. கையெழுத்தை நான் வாங்கித் தருகிறேன்.

மைக்செட்


ஜூன் 10

மைக்செட்டுக்கு,

சோப்பு டப்பா என்னுடையது. உன்னுடையது உடைந்தபோது நீ என்னுடையதை எடுத்துக்கொண்டாய். நிறையப் பொருள்கள் அப்படித்தான் உன்னுடையவை ஆயின.

போன பிறந்தநாள் விழாவில் நான் கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, உடைந்த கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ மேடையில் என் வரிகளைப் படித்தாய். நன்றாகப் படித்தாய், அதை மறுக்க மாட்டேன். நான் தயங்கித் தயங்கி வைத்த சொற்களை நீ சொந்த வீட்டுச் சாமான்போலத் தூக்கிப் போட்டுப் பிடித்தாய். கைத்தட்டல் அடங்குவதற்குள் மாமன்னர் எழுந்து, இப்படிப்பட்ட மொழிவளம் உள்ள பெண்ணுக்குத் துறையில் ஓர் இடம் தராவிட்டால் அது துறைக்கே அவமானம் என்றார். மறு வாரமே நீ தற்காலிக விரிவுரையாளர் ஆனாய். நானும் அந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஏம்மா, கொஞ்சம் சத்தமா பேசக் கூடாதா?"

அன்று அறைக்கு வந்து நீ எனக்கு இனிப்புக் கொடுத்தாய். "நம்ம கவிதை ஜெயிச்சிடுச்சுடி" என்றாய். அந்த "நம்ம"வைக் கேட்டபிறகுதான் நான் பெட்டியைக் கட்டினேன்.

இப்போது ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் உள்ள பயிற்சி நிலையத்தில் வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். கீழே காற்றடிக்கும் யந்திரம் ஓடினால் பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுத வேண்டும். எனக்கு வசதிதான். முதலாளி அடிக்கடி எட்டிப் பார்த்து, "டீச்சர் பேசறாங்களா, இல்ல மெஷின் பேசுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மூன்றாம் அத்தியாயத்தை எடுக்க மாட்டேன். மற்ற அத்தியாயங்கள் மற்றவர்கள் சொன்னதை நான் திரும்பச் சொன்னவை. அது ஒன்றுதான் நான் கண்டுபிடித்தது. தட்டச்சு செய்தவள் நீதான், ஆனாலும் விரலால் மட்டும் படித்திருப்பாய், எனவே சொல்கிறேன்.

ஆங்கிலக் கவிதையில் மன்னன் என்றால் சூரியன். கைக்குழந்தையாக முடிசூடியவனும் சூரியன். புத்தி பேதலித்து அறைக்குள் அடைத்து வைக்கப்பட்டவனும் சூரியன். எப்போது பார்த்தாலும் மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு நாட்டில் இத்தனை சூரியன்கள் எப்படி உதித்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. பல்லெல்லாம் கறுத்து, பொய்முடி வைத்துக்கொண்டிருந்த ஒரு மகாராணியைக் கிழவியான பிறகும் நிலவு என்றும் கன்னித் தெய்வம் என்றும் பாடினார்கள். முத்துகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு மன்னனின் தலையை வெட்டியவர்களைப் புகழ்ந்த பேனாக்கள், அவன் மகன் கப்பலைவிட்டு இறங்குவதற்குள் மை மாற்றிக்கொண்டன. பிறகு அரண்மனைச் சம்பளத்தில் கவிஞர் என்றே ஒரு பதவி வந்தது. பிறந்தநாளுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று. கூலியோடு ஒரு பீப்பாய் மதுவும் உண்டு. அந்தப் பாட்டுகளை எல்லாம் படித்துத்தான் நான் ஒரு விதி கண்டேன்: மன்னன் ஒன்றும் செய்யாதவனாக இருந்தால் கவிஞன் வானிலையைப் பாடுவான். சூரியன், அப்புறம் கடல், அப்புறம் மரம், கடைசியில் பொற்காலம். இந்த நான்கும் வரிசையாக வந்தால் அந்த மன்னன் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை என்று பொருள்.

திட்டியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அழகாகத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் மன்னன் செத்தபிறகு, இல்லையென்றால் கவிஞன் கடல் தாண்டிய பிறகு. உயிரோடு இருந்தவனை முகத்துக்கு நேரே திட்டிச் சிறைக்குப் போனவர்களுக்குத் தனிப் பகுதி கொடுத்திருக்கிறேன். சின்னப் பகுதி. ஆட்கள் குறைவு.

அம்மாவுக்கு இதெல்லாம் புரியவைக்க முயன்றேன். கேட்டுக்கொண்டே துணி மடித்தவள், "செத்துப்போன ராஜாவப் பத்தி நீ எழுதறதுக்கு, உயிரோட இருக்கற இந்த ஆளு எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்றாள். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

கவிதை எழுத மாட்டேன்.

பூனை


ஜூன் 17

அடியே,

நான்கு பக்கம் திட்டியிருக்கிறாய். அதில் முக்கால்வாசி செத்துப்போன வெள்ளைக்காரர்களை. என்னைத் திட்டுவதற்கே அவர்களைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது உனக்கு.

ஒன்று கேட்கிறேன். வருடா வருடம் உன் கையைப் பிடித்து முறுக்கியா எழுத வைத்தேன்? நீயே கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைப்பாய். "நீயே படிச்சிடு, எனக்கு நெஞ்சு படபடங்குது" என்பாய். பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, எந்த இடத்தில் கைத்தட்டுகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பாய். நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன். எழுதினவள் சுத்தம், படித்தவள் மட்டும் அழுக்கா? அரண்மனைக் கவிஞனைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறாயே, பாட்டை எழுதி வேறொருத்தி வாயில் திணித்துவிட்டு ஒளிந்துகொண்ட கவிஞனுக்கு உன் தீசிஸில் எந்தப் பகுதி?

வேலை எனக்குக் கிடைத்தது. ஆமாம். கிடைத்த வேலை என்ன என்று கேட்டாயா? காலையில் அவருடைய ஜன்னலைத் திறப்பது. கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும் முதலில் கைத்தட்டுவது. நான் தட்டினால்தான் மற்றவர்கள் தட்டுகிறார்கள், பள்ளிக்கூட மணி மாதிரி. நிரந்தர வேலைக்குச் சிபாரிசு எழுதுவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எழுதுகிற பேனாவைக் கண்ணில் காணோம்.

உனக்காக மறுபடியும் கேட்டுப் பார்த்தேன்.

"சார், அந்த மூணாவது அத்தியாயத்துல என்ன சார் பிரச்சனை?"

"மரியாத இல்லம்மா அதுல."

"யாருக்கு சார்?"

"பொதுவா."

"எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா அவள மாத்தச் சொல்றேன்."

"பக்கமெல்லாம் எதுக்கு? தலைப்பப் பாத்தாலே தெரியுது."

புரிகிறதா? தலைப்புக்கு மேல் அவர் போகவில்லை. நீ இத்தனை காலமாக அவர் உன் அத்தியாயத்தை வெறுக்கிறார் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறாய். அந்த மரியாதைகூட உனக்குக் கிடைக்கவில்லையடி.

விழா மாதக் கடைசியில். டயர் கடை மாடியில் காலம் தள்ளுவதாக இருந்தால் பதில் போடாதே.

மைக்செட்


ஜூன் 24

மைக்செட்டுக்கு,

கவிதை இணைத்திருக்கிறேன். கேட்டபடி நீளமாகவே இருக்கிறது.

தலைப்பு "நம் தோட்டத்து மன்னருக்கு". முதல் பத்தியில் அவர் உதிக்கிறார். இரண்டாவதில் கடல் அவர் காலடிவரை வந்து, அனுமதி கேட்டு, பின்வாங்குகிறது. மூன்றாவதில் மரங்கள் குனிகின்றன. நான்காவதில் பொற்காலம் திரும்பி வருகிறது, எங்கே போயிருந்தது என்று சொல்லவில்லை. அவர் செய்த காரியம் என்று ஒன்றுகூட இதில் கிடையாது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர் பெயரும் எங்கும் வராது. எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்தப் பெயர் ஆங்கிலச் சந்தத்தில் உட்கார மறுக்கிறது.

மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தவர்கள் யாராக இருந்தாலும் முதல் பத்தி முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் படித்திருந்தால் எனக்கு இதை எழுதும் வேலையே வந்திருக்காது.

அத்தியாயத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. அதுதான் என் கூலி. பீப்பாய் வேண்டாம்.

உன் போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பூனை


ஜூலை 3

பூனை,

நீ வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் செத்திருப்பாய்.

நானும் கண்டுபிடித்துவிட்டேன். விரலால் மட்டும் படித்தேன் என்றாயே, விரலுக்கும் ஞாபகம் உண்டு. சூரியன் வந்ததும் சந்தேகம், கடல் வந்ததும் நிச்சயம். இதை மேடையில் படித்தால் யாருக்காவது புரிந்து தொலைக்குமோ என்று பயந்துகொண்டேதான் மேடை ஏறினேன். முதல்வர் வரலாற்றுக்காரர், வேறு கல்லூரிப் பேராசிரியர்கள் நாலைந்து பேர். ஆனால் நான் முதல் வரியைத்தான் படித்தேன். மாமன்னர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

"குடும்மா இங்க. இத நிறுத்தி நிதானமா படிக்கணும்."

அவரே படித்தார். தன்னைத் தானே. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தலையைத் தூக்கிக் கைத்தட்டலுக்குக் காத்திருந்தார். நான் மைக் பக்கத்தில் நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில், முதலில் தட்டினேன். கடல் பின்வாங்கும் இடத்தில் குரல் தழுதழுத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடலுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? இங்கே இருப்பது விடுதிக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதுவும் ஒழுகுகிறது. ஒருவரும் கேட்கவில்லை. மரம் குனியும்போது முதல்வர் குனிந்து மணி பார்த்தார். கேக் வெட்டினார்கள்.

மறுநாள் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, தங்க விளிம்பு வைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கருத்தரங்க அறையில் அவர் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டச் சொன்னார். மாட்டியதும் பார்த்தேன். தலைப்பு இருக்கிறது, கவிதை இருக்கிறது, அடியில் யார் பெயரும் இல்லை.

"பேர் விட்டுப்போச்சு சார்."

"விட்டுப்போகலம்மா. இது தனி ஒருத்தர் குரல் இல்ல. துறையோட குரல்."

உன் பெயர் இல்லை, சரி, பழகியதுதான். என் பெயரும் இல்லை. சந்தத்தில் உட்காராததால் அவர் பெயரும் இல்லை. பெற்றவரும் இல்லாமல் பெறுபவரும் இல்லாமல் ஒரு ராஜபக்தி சுவரில் அனாதையாகத் தொங்குகிறது.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே உன் தீசிஸை நீட்டினேன். கைக்குட்டையை எடுத்து டீ வட்டத்தைத் துடைத்தார். "மூணாவது அத்தியாயம்?" என்றார். "பாத்துட்டோம் சார்" என்றேன். பொய் இல்லை, பார்த்தோம்தானே. வெளித்தேர்வாளருக்கு அனுப்பியாகிவிட்டது. இனி நேரில் கேள்வி கேட்கும் வைவா. அது முடிந்ததும் அவர் கையெழுத்து.

மைக்செட்


ஜூலை 12

மைக்செட்டுக்கு,

நன்றி சொல்ல உட்கார்ந்தேன், வரவில்லை.

அவர் படிக்காமலேயே எடுக்கச் சொன்னார், படிக்காமலேயே அனுப்பியும் விட்டார். நடுவில் நடந்தது என் கவிதை மட்டும்தான். கூலிக்குப் பாடியவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்திக் கேலி செய்து ஓர் அத்தியாயம் எழுதினேன். அந்த அத்தியாயம் வெளியே போவதற்குக் கூலிக்குப் பாடினேன். நீ கேட்டாயே, எந்தப் பகுதி என்று. தனிப் பகுதி தேவையில்லை. அதே வரிசையில் கடைசியில் நான் நிற்கிறேன்.

கிண்டலாகத்தான் எழுதினேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அவர்களும் வீட்டுக்குப் போய் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பூனை


டிசம்பர் 2

மைக்செட்டுக்கு,

நேற்று வைவா. நீ வருவாய் என்று வாசலைப் பார்த்தேன். உன்னைத் தேர்வு மேற்பார்வைக்கு அனுப்பிவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று.

வெளித்தேர்வாளர் ஒரு மேடம். வயதானவர், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. கையில் என் தீசிஸ், ஓரமெல்லாம் மடித்து மடித்து அடையாளம் வைத்த தீசிஸ். முதன்முறையாக ஒருவர் அதைப் படித்திருக்கிறார் என்று எனக்கு அதைப் பார்த்தே தெரிந்தது. மாமன்னர் தன் நாற்காலியில். அவர் தலைக்கு மேலே சட்டம். பின்னால் துறை ஆசிரியர்கள், சில மாணவிகள்.

"மூணாவது அத்தியாயத்த எங்க வீட்டுக்காரருக்குச் சத்தமா படிச்சுக் காட்டினேன்" என்றார் மேடம். "அவரு கணக்கு வாத்தியாரு. அவருக்கே சிரிப்பு தாங்கல."

"ஆமாமா. அத நான்தான் கொஞ்சம் காரமா எழுதுன்னு சொன்னேன்" என்றார் மாமன்னர்.

மேடம் கேள்விகள் கேட்டார். அந்த மகாராணியைப் பற்றி, மை மாற்றிக்கொண்ட பேனாக்களைப் பற்றி. நான் பதில் சொன்னேன். அவர் ஒரு தடவைகூடச் சத்தமாகப் பேசச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். எல்லாம் முடியப்போகும் நேரத்தில் டீ வந்தது. கிளாஸோடு எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தவர் சட்டத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை படித்தார்.

மாமன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படி இருக்கு மேடம்?"

"பிரமாதம்! இத எங்கேருந்து பிடிச்சீங்க? தீசிஸ்ல இது இல்லையே. சூரியன், கடல், மரம், பொற்காலம், ஒண்ணு விடாம வரிசையா நிக்குது. செஞ்ச காரியம்னு மருந்துக்குக்கூட ஒண்ணு இல்ல. இந்த வகையில இத விட மட்டமா ஒண்ணு நான் பாத்ததே இல்ல. வைவாவுக்காகச் சட்டம் போட்டு மாட்டிருக்கீங்களே, நல்ல யோசனை." என் பக்கம் திரும்பினார். "எந்த ராஜாவுக்கும்மா எழுதினது?"

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அறையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும், கேட்டவருக்கு மட்டும் தெரியாது.

மாமன்னர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். எதையாவது சொல்லிக் காப்பாற்று என்றது அந்தப் பார்வை. சொல்லியிருக்கலாம். செத்துப்போன எவனாவது ஒருவன் பெயரைச் சொன்னால் போதும். எனக்கு நிறையப் பேரைத் தெரியும். எவனும் எழுந்துவந்து மறுக்கப்போவதில்லை. மேடம் குறித்துக்கொள்வார், மாமன்னர் கையெழுத்துப் போடுவார், நான் பஸ் பிடிப்பேன். அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அது இன்னொரு பிறந்தநாள் பாட்டு. இந்தத் தடவை அதைப் படிக்க நீயும் இல்லை, நானே மேடையில் நிற்கிறேன்.

"நான் எழுதினது மேடம்."

என் குரல் பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவதுபோல எனக்கே கேட்டது.

"நீயா? யாருக்கு?"

"ஒரு கையெழுத்துக்கு."

மேடம் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவருக்குக் கீழே இருந்தவரைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்கு வேற கேள்வி இல்ல" என்றார். முடிவுத் தாளில் தேர்ச்சி என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு மாமன்னர் பக்கம் தள்ளினார். மாமன்னர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "டீ ஆறிப்போச்சு, வேற சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போனார். திரும்பி வரவே இல்லை.

இரண்டு கையெழுத்தும் இல்லாமல் பட்டம் இல்லை என்பது உனக்குத் தெரியும். மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அலுவலகத்தில் ஒரு தாள் கேட்டு வாங்கினார். அறிக்கையோடு சேர்க்க வேண்டுமாம். எழுதிக்கொண்டே, "உங்க சாருக்குப் புகழ்ச்சின்னா ரொம்பப் பிடிக்குமோ?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

நான் எழுதினது என்று சொன்னதில் உன் பெயரும் கெட்டுப்போயிருக்கும். மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன்னிடம் சொல்லாமல் செய்தேன் என்பதற்காக இதை எழுதுகிறேன். டிசம்பர் கடைசிக்குள் அவர் போடாவிட்டால் அந்த இலக்கண அம்மாளிடம் முதல் வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். அதைவிடக் கேவலமான வேலை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

பூனை


டிசம்பர் 13

பூனை,

கையெழுத்து விழுந்துவிட்டது. நானே கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இனி உன் அம்மாவிடம் சொல்லலாம்.

எப்படி விழுந்தது என்று கேள். பத்து நாள் மாமன்னர் யாரிடமும் பேசவில்லை. சட்டத்தைக் கழற்றச் சொல்வார் என்று ஏணியைக்கூடத் தயாராக வைத்திருந்தோம். நேற்று மேடத்தின் அறிக்கை வந்து சேர்ந்தது. உன்னைப் பற்றி நான்கு வரி. அவரைப் பற்றி ஒரு பக்கம். தன் மாணவி மன்னர்களைத் தோலுரிக்க அனுமதித்ததோடு நில்லாமல், தன்னையே ஒரு மாதிரிப் பொருளாகச் சுவரில் மாட்டிக்கொள்ள முன்வந்த வழிகாட்டியின் பெருந்தன்மை வேறெங்கும் காணக் கிடைக்காதது, இத்யாதி. சூரியன் இல்லை, கடல் இல்லை, அவ்வளவுதான் குறை. மேடம் உன் மூன்றாம் அத்தியாயத்தை நன்றாகவே படித்திருக்கிறார்.

மாமன்னர் துறைக் கூட்டத்தைக் கூட்டி அதை வாசித்தார். பிறகு, அந்தக் கவிதையை மாட்டச் சொன்னதே வைவாவை மனதில் வைத்துத்தான் என்றார். நான் கைத்தட்டவில்லை. கொஞ்ச நேரம் அறையே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் அவரே தட்ட ஆரம்பித்தார். தட்டி முடித்த கையோடு உன் முடிவுத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சட்டம் அங்கேயே இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் என்னை நிறுத்தினார்.

"பாவம்மா அந்தப் பொண்ணு. உன் கவிதையத் தன்னோடதுன்னு சொல்லிக்கிச்சு. என் மேல அவ்வளவு பக்தி. வாயே திறக்காத பொண்ணு, அன்னிக்கு அடக்க முடியாம வந்துடுச்சு."

"சார், அத அவதான் எழுதினா."

"இருக்கட்டும்மா."

"எல்லா வருஷமும் அவதான் சார் எழுதினா. எனக்கு எழுத வராது. நான் படிக்க மட்டும்தான் செஞ்சேன். அந்த வேலைய எனக்குக் குடுத்ததே தப்பு."

இதைச் சொல்லும்போது என் குரல் கம்மிப்போனது. என் குரல், கேட்டுக்கொள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு அன்பாகச் சிரித்தார்.

"அடக்கம் வேணும்தாம்மா. அதுக்காக இவ்வளவா?"

அவ்வளவுதான். திட்டினாலும் உள்ளே போகாது, உண்மையைச் சொன்னாலும் போகாது. எதை எறிந்தாலும் அந்த ஆள் மேல் மாலையாகத்தான் விழுகிறது. உன் தீசிஸில் இதற்கு இடம் இருக்கிறதா, பார்.

நான் கிளம்பும்போது மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தடித்த தாள், தலையில் துறை முத்திரை. விடைபெறு விழாவில் படிக்க அவருடைய பெருந்தன்மையைப் பற்றி ஒன்று வேண்டுமாம். "சின்னதா இருந்தாப் போதும், முன்னும் பின்னுமா ரெண்டு பக்கம்" என்றார். சிபாரிசுக் கடிதம் அதற்குப் பிறகு.

நல்ல தாளடி. மை ஊறவே இல்லை. இந்தக் கடிதத்தை அதில் பொடி எழுத்தில் எழுதிப் பின்பக்கத்தின் அடிவரை வந்துவிட்டேன், இனி ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது, அதில் என் கையெழுத்தைப் போட்டுவிடுகிறேன்.

மைக்செட்